இன்னாரின் மகள்

புவனேஸைப் பற்றி எந்தப் பத்திரிகையும் எழுதப் போவதில்லை. எழுதினாலும், தேயிலைச் செடிகளுக்கு நடுவே மடிக்கணினியோடு நிற்கவைத்து ஒரு படம் எடுத்து, "தோட்டத்துப் பெண்ணின் சாதனை" என்று தலைப்புப் போட்டுவிட்டு மலை இறங்கிவிடுவார்கள். அவள் செடிக்கு நடுவே நின்று கணினி பார்த்ததை நான் ஒருநாளும் கண்டதில்லை. எங்கள் ஊர் மழைக்கு அது தாங்காது. அவள் வேலை பார்ப்பது தானா ராத்தா டவுனில், தாஜுதீன் பாய் சாப்பாட்டுக் கடைக்கு மேலே, மீன் பொரிக்கிற வாசம் ஏறிவருகிற ஓர் அறையில். வேறு யாரும் எழுதமாட்டார்கள் என்பதால் நானே எழுதுகிறேன். என் பெயர் கங்கா. கியா பார்ம் சந்தையில் ஸ்ட்ராபெரியும் சோளமும் விற்கிறேன். புவனேஸும் நானும் ஒரே லைனில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், பக்கத்துப் பக்கத்துக் கதவில் பிறந்தவர்கள். எனக்குக் கோபம் அதிகம் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். இந்த விஷயத்தில் எனக்கு வந்த கோபம் இன்னும் போதவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

புவனேஸின் அம்மா சாரதா கொழுந்து எடுத்தவள். முதலில் கையால் எடுத்தாள், பிறகு கத்திரியால், கடைசிக் காலத்தில் இரண்டு பேர் சேர்ந்து தூக்குகிற மெஷினால். அப்பா, புவனேஸ் நடக்கப் பழகும் முன்பே ஜொகூருக்கு வேலை தேடிப் போனார். போனவர் போனவர்தான். சாரதா தோட்டத்துக்கு வந்த ஒவ்வொரு மேனேஜரிடமும் ஒரு சொந்த வீடு கேட்டாள். ஒவ்வொருவரும் அடுத்த திட்டத்தில் பார்க்கலாம் என்றார்கள். அடுத்த திட்டம் வருவதற்குள் அடுத்த மேனேஜர் வந்துவிடுவார். அப்படியே கேட்டுக்கொண்டே லைன் வீட்டிலேயே செத்துப்போனாள்.

அந்தத் தாய் வயிற்றைக் கட்டிப் படிக்க வைத்ததால் புவனேஸ் ஈப்போவில் கணினி படித்தாள். கோலாலம்பூரில் சில வருஷம் வேலை பார்த்தாள். அம்மா படுக்கையில் விழுந்ததும் மலையேறி வந்தவள், அம்மா போன பிறகும் இறங்கவில்லை. அடக்கமானவள் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ரொட்டி சானாய் கொஞ்சம் தடித்திருந்தால் தட்டைத் திருப்பி அனுப்புவாள். கணினியிடம் அவள் பேசுகிற பேச்சைக் கேட்டு, மேலே ஏதோ சண்டை நடக்கிறது என்று கடைக்காரப் பையன்கள் படியேறி வந்ததுண்டு. வேலையில் மட்டும் யாரும் குறை சொன்னதில்லை. அந்தக் கர்வமும் அவளுக்கு நிறையவே இருந்தது.

அவள் வேலை என்ன என்று எனக்குப் புரியவைக்க அவள் பட்ட பாடு கொஞ்சமில்லை. கடைசியில் கொழுந்தைக் காட்டித்தான் சொன்னாள். கொழுந்து எடுக்கப் போகிறவளிடம் "இந்த இலையை எடு, அந்த இலையை எடு" என்று யாரும் சொல்வதில்லை. இரண்டு இலை, நடுவில் ஒரு மொட்டு என்று உருவத்தைச் சொல்லிவிடுகிறார்கள். அந்த உருவத்தில் இருப்பது கூடைக்கு வரும். இல்லாதது செடியிலேயே நிற்கும். கணினியிலும் அப்படி ஓர் உருவத்தைக் குறிகளால் எழுதிக் கொடுத்தால், ஆயிரம் பக்கமானாலும் அதற்குப் பொருந்துகிற சொற்களை மட்டும் அது பொறுக்கிக் கொடுத்துவிடும். அதற்கு ரெஜெக்ஸ் என்று பெயர். பழைய இணையப் பக்கங்களிலிருந்து இப்படிச் சொற்களைப் பொறுக்கி எடுத்துக் கொடுப்பதுதான் அவள் பிழைப்பு.

இணையப் பக்கத்தின் உட்புறம் நாம் வெளியே பார்ப்பதுபோல இருக்காதாம். எழுத்துக்கு நடுவே கூரிய அடைப்புக்குள் குறிகள் இருக்கும். இங்கே தடித்த எழுத்து தொடங்குகிறது என்று ஒரு குறி, இங்கே முடிகிறது என்று ஒரு குறி. முடிகிற குறியில் மட்டும் ஒரு சாய்கோடு சேர்ந்திருக்கும். அந்தச் சாய்கோட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

போன வருஷம் எங்கள் தோட்டத்து லைன்களைக் காலி செய்யப் போவதாகக் கம்பெனி அறிவித்தது. அவற்றுக்கு வெள்ளையடித்து, சுற்றுலாக்காரர்கள் தங்குகிற அறைகளாக மாற்றப் போகிறார்களாம். மூட்டைப்பூச்சியோடு நாங்கள் படுத்த இடத்தில் பஞ்சணை போட்டு, அதற்குப் பாரம்பரியம் என்று பெயரும் வைப்பார்கள். அதற்குப் பதிலாகக் கீழ்ச்சரிவில் புதிதாக வரிசை வீடுகள் கட்டினார்கள். பத்து வருஷத்துக்கு மேல் தோட்டத்தில் உழைத்து, இன்னும் லைனில் குடியிருக்கிறவர்களுக்கு அந்த வீடு சொந்தமாகும். மற்றவர்கள் பண்டிகைக்குள் வெளியேற வேண்டும்.

யார் யார் பத்து வருஷம் உழைத்தவர்கள்? அதைக் கண்டுபிடிக்கத்தான் புவனேஸைக் கூப்பிட்டார்கள். முன்பிருந்த கிராணி ஒருவர், அதாவது ஆபீஸ் எழுத்தர், பத்து வருஷத்துக்கு மேல் வேலை செய்தவர்களின் விவரத்தையெல்லாம் இணையப் பக்கங்களாக அடித்து வைத்திருந்தார். செத்தவர்கள், இருக்கிறவர்கள் எல்லாரும் அதில் உண்டு. அந்தப் பெயர்களைப் பிரித்தெடுத்து, அடையாள அட்டையில் உள்ளபடி பெயரை அடித்தால் பதில் சொல்கிற ஒரு பக்கம் அவள் செய்து தர வேண்டும். பெயர் இருந்தால் "லாயாக்" என்று வரும், தகுதி உண்டு என்று அர்த்தம். இல்லாவிட்டால் "தியாடா ரெகோட்", பதிவு இல்லை.

கிராணி எல்லாப் பெயரையும் தடித்த எழுத்தில் அடித்திருந்தார். ஆனால் தலைப்புகளும், மலைகளின் பெயரும், வெள்ளைக்காரத் துரைமார் பெயரும்கூடத் தடித்த எழுத்தில்தான் இருந்தன. தொழிலாளி பெயரை மட்டும் எப்படிப் பிரிப்பது? இந்த நாட்டில் நம் பெயருக்கு நடுவே ஓர் அடையாளம் உண்டு. வீரப்பன் a/l முனியாண்டி என்று எழுதுவார்கள். a/l என்றால் அனாக் லெலாக்கி, இன்னாரின் மகன். புவனேஸ் அதைப் பிடித்துக்கொண்டாள். முதலில் அவள் எழுதிய உருவம் பெயருக்கு நடுவே இருந்த சாய்கோட்டைக் கண்டதும், குறி முடிந்துவிட்டது என்று நின்றுகொண்டது. வீரப்பன் வந்தான், அவன் அப்பன் வரவில்லை. அதைச் சரிசெய்ய அவள் பல நாள் மல்லுக்கட்டினாள். கடைசியில் தடித்த எழுத்து தொடங்குகிற குறி, ஒரு பெயர், a/l, இன்னொரு பெயர், முடிகிற குறி என்று உருவத்தை எழுதினாள். முஸ்லிம்களுக்கு அதே அர்த்தம் தருகிற bin என்று ஒன்றைச் சேர்த்துக்கொண்டாள். ஆபீஸ் மாதிரிக்கு அனுப்பியிருந்த, தேயிலைத் தொழிற்சாலை ஆட்களின் பக்கங்களில் ஓட்டிப் பார்த்தாள். ஒரு பெயர் தவறாமல் வந்தது. கீழே இறங்கி வந்து, அன்றைக்குத் தடித்திருந்த ரொட்டியையும் திட்டாமல் சாப்பிட்டாள்.

மேனேஜருக்குப் பக்கம் ரொம்பப் பிடித்துப்போயிற்று. அவர் கோலாலம்பூர்த் தமிழர், சிரித்த முகம். ஜனங்கள் ஆபீஸ் படியேறி வந்து எதையும் கேட்காமலிருக்க ஒரு வழி கிடைத்ததில் அவருக்கு அவ்வளவு நிம்மதி. மறுவாரமே ஆபீஸ் வாசல் பலகையில் மலாயிலும் தமிழிலும் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். "இணையப் பக்கத்தில் வரும் முடிவே இறுதியானது. இது குறித்து அலுவலகத்தில் விசாரிக்க வேண்டாம்." கீழே மேனேஜரின் கையெழுத்தும் முத்திரையும் இருந்தன.

அதற்குப் பிறகு ஒருநாள் மத்தியானம் மாரியம்மா தாஜுதீன் கடை மாடிப்படியை மூச்சு வாங்க ஏறி வந்தாள். அவள் சாரதாவின் கூட்டாளி. இருவரும் ஒரே மெஷினின் இரண்டு பக்கத்தைத் தூக்கியவர்கள். புருஷன் எப்போதோ லோரி விபத்தில் போய்விட்டான். ஒரே மகள் கிளந்தானில் வாழ்க்கைப்பட்டுவிட்டாள். நானும் அன்று சோளம் இறக்க வந்தவள், அந்த அறையில்தான் உட்கார்ந்திருந்தேன்.

"பாப்பா, ஒன்னோட மெஷினு நான் இந்த எஸ்டேட்ல வேலையே செய்யலங்குது" என்றாள் மாரியம்மா.

"பேர தப்பா அடிச்சிருப்பீங்க அத்த."

"நான் எங்க அடிச்சேன். கிராணி தர்மேந்திரன்தான் அடிச்சான். ரெண்டு தடவ அடிச்சான். சிஸ்டத்துல இல்லன்னா இல்லதான்லா, நான் என்ன பண்றதுன்னான். பண்டிகைக்குள்ள சாமானக் கட்டணுமாம். நான் எங்க பாப்பா போவேன்?"

புவனேஸ் முகம் சிவந்துவிட்டது. தன் வேலையைக் குறை சொன்னால் அவளுக்கு ஆகாது. "பொம்பளைங்க பேரெல்லாம் சரியாத்தான் இருக்கு அத்த. மொத நாளே ரம்லாக்கா பேரு வந்துச்சு" என்றாள். ரம்லா தோட்டத்து ஆயாக் கொட்டகையில், சின்ன வயதில் எங்களையெல்லாம் பார்த்துக்கொண்டவர். அவர் பெயருக்கு லாயாக் வந்தது எங்கள் எல்லாருக்கும் தெரியும். அதைத்தான் புவனேஸ் நம்பியிருந்தாள்.

மாரியம்மாவின் பெயரைப் புவனேஸே அடித்தாள். பதிவு இல்லை. மறுபடி அடித்தாள். பதிவு இல்லை. நிச்சயமாகத் தோட்டத்தில் உழைத்த ஒருத்தியின் பெயரை அடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று, தன் அம்மா பெயரை அடித்தாள். சாரதா a/p பெருமாள். பதிவு இல்லை.

a/p என்றால் அனாக் பெரெம்புவான், இன்னாரின் மகள். எங்கள் எல்லாருடைய அடையாள அட்டையிலும் அதுதான் இருக்கிறது. புவனேஸின் அட்டையிலும் இருக்கிறது. அவள் எழுதிய உருவத்தில் மட்டும் அது இல்லை. தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள் எல்லாரும் ஆண்கள், அதனால் மாதிரிப் பக்கங்களில் ஒரு பெண்கூட இல்லை. ரம்லாவின் பெயரில் மகள் என்பதற்கு இருந்த binti என்ற சொல் bin என்றுதான் தொடங்கும், அதனால் அவர் பெயர் தப்பித்துக் கூடைக்கு வந்துவிட்டது. மலை முழுவதும் கொழுந்து எடுத்த பெண்கள் ஒருத்தி விடாமல் செடியிலேயே நின்றுவிட்டார்கள்.

"தொழிலாளின்னு நெனச்சதும் எனக்கு ஆம்பள பேருதான்டி வந்துச்சு, கங்கா" என்றாள் புவனேஸ். "இவங்க கையாலதான்டி நான் சோறு தின்னேன்." தன் தலையில் தானே அடித்துக்கொண்டாள். நான் கையைப் பிடித்து நிறுத்தவில்லை. எனக்கும் அவள்மேல் கோபம் இருந்தது.

ஆனால் அதைவிட வயிறு எரிகிற விஷயம் ஒன்று உண்டு. இத்தனை பெண்கள் விடுபட்டும் வாரக்கணக்கில் யாருக்கும் அது தெரியவில்லை. ஏன் தெரியவில்லை? புருஷனோடு இருந்தவளுக்குப் புருஷன் பெயரில் லாயாக் வந்துவிட்டது. அவள் தன் பெயரை அடித்தே பார்க்கவில்லை. புருஷன் செத்தவள், ஓடிப்போனவனைக் கட்டிக்கொண்டவள், கட்டாமலே இருந்தவள், இவர்கள் மட்டும்தான் தனியாக மாட்டினார்கள். அவர்கள் ஆபீஸில் போய் நின்றால் தர்மேந்திரன் பலகையைக் காட்டிவிடுவான். ஆண் துணை இல்லாதவளை ஒரு குறி பார்த்துப் பார்த்துக் கழித்ததுபோல ஆகிவிட்டது. கணினிக்கு ஆண் பெண் தெரியாது. அதைக் கேட்டுத் தலையாட்டினார்களே, அவர்களுக்குத் தெரியாதா?

புவனேஸ் அன்றைக்கே மேனேஜரைப் பார்க்கப் போனாள். உள்ளே நடந்ததை அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

"தப்பு என்னோடது சார்" என்று எடுத்த எடுப்பிலேயே சொல்லியிருக்கிறாள். "பொம்பளைங்க பேர நான் விட்டுட்டேன். ரெண்டு நாள்ல திருத்திடுறேன்."

மேனேஜர் சிரித்தாராம். "டென்ஷன் ஆகாதீங்க மிஸ் புவனேஸ். ஹெட் ஆபீஸ்ல எல்லாம் அப்ரூவ் ஆயிருச்சு. குடும்பத்துக்கு ஒரு வீடுதானே, ஹஸ்பண்ட் பேருல வந்திருக்கும்."

"ஹஸ்பண்ட் இல்லாதவங்க சார்?"

"அவங்க யார்கூடவாவது இருந்துக்குவாங்கலா. மகன், அண்ணன், யாராவது இருப்பாங்க."

யாராவது இருப்பார்களாம். பனியில் விரல் மரத்துப்போக மலையேறினபோது யார் இருந்தார்கள்? அட்டை கடித்த காலோடு மூட்டை சுமந்து இறங்கினபோது யார் இருந்தார்கள்? வேலை வாங்கும்போது தனி ஆளாகத் தெரிந்தவள், வீடு என்றதும் யாருக்கோ ஒட்டுத்துணியாகிவிடுகிறாள். இதைச் சொன்னவரின் மேசையில் அவர் பெயர் பொறித்த பித்தளைத் தகடு இருந்ததாம். அதில் a/l பளபளவென்று இருந்ததாம். கீழ்ச்சரிவின் கடைசி வரிசை வீடுகளில் ஆபீஸ்காரர்களின் சொந்தக்காரர்கள் குடிவரப் போகிறார்கள் என்று கடைத்தெருவில் ஒரு பேச்சு ஏற்கெனவே இருந்தது. அது எவ்வளவு உண்மையோ எனக்குத் தெரியாது. உண்மை என்றால், தவறைத் திருத்த அவருக்கு மனம் வராததன் காரணம் அதுதான்.

"இப்போதைக்கு அதத் தொடாதீங்க" என்று முடித்திருக்கிறார்.

"தொடாதன்னு எழுதிக் குடுங்க சார்" என்றிருக்கிறாள் புவனேஸ்.

அவர் எழுதித் தரவில்லை. இப்படிப்பட்டவர்கள் எதையும் எழுதித் தரமாட்டார்கள். புவனேஸ் அறைக்கு வந்து தன் ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தாள். பக்கத்தில் பிழை தெரியவந்தால் அதை உடனே திருத்தித் தருவது அவள் பொறுப்பு என்று அதில் தெளிவாகப் போட்டிருந்தது. பிழை இன்னது, திருத்தப் போவது இன்னது என்று மேனேஜருக்கு மின்னஞ்சல் அனுப்பினாள். பதில் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மழை கூரையில் கொட்டிக்கொண்டிருக்க, அந்த உருவத்தைத் திருத்தினாள். a-க்கும் சாய்கோட்டுக்கும் பிறகு l வந்தாலும் எடு, p வந்தாலும் எடு. மாற்றம் அவ்வளவுதான். இரண்டு எழுத்தை ஒரு சதுர அடைப்புக்குள் போட்டாள். அதற்குத்தான் மாரியம்மா மூட்டை கட்ட இருந்தாள்.

திங்கட்கிழமை காலை பெரட்டுக் களத்தில், வேலைக்குப் போகும் முன் எல்லாரும் கூடுகிற இடத்தில், பனி இன்னும் விலகவில்லை. நான் கடையைத் திறக்காமல் போயிருந்தேன். புவனேஸ் பெண்களை வரிசையில் நிற்கவைத்து அவரவர் போனில் பெயரை அடிக்கச் சொன்னாள். மாரியம்மாவின் போனில் லாயாக் என்று பச்சையில் வந்தது. மாரியம்மா அதைத் தர்மேந்திரன் மூக்குக்கு நேரே நீட்டினாள். அவன் தன் போனிலும் அடித்துப் பார்த்தான். அதிலும் பச்சைதான்.

யாரோ சொல்லியிருக்க வேண்டும், மேனேஜர் வண்டியில் வந்து இறங்கினார். அன்றைக்கு முகத்தில் சிரிப்பு இல்லை.

"யாரைக் கேட்டு மாத்துனீங்க?"

"திருத்தறது என் காண்ட்ராக்ட்ல இருக்கு சார். ஒங்களுக்கு ஈமெயிலும் போட்டேன்."

"இது செல்லாது. ஆபீஸ்ல மறுபடி பரிசீலனை பண்ணித்தான் சொல்லுவோம்."

மாரியம்மா மெதுவாகப் பலகைக்குப் பக்கத்தில் போனாள். தோட்டத்துப் பள்ளியில் நாலாம் வகுப்பு வரை படித்தவள். விரலை வைத்து, எழுத்துக் கூட்டி, எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்தாள். "இணையப் பக்கத்தில் வரும் முடிவே இறுதியானது. இது குறித்து அலுவலகத்தில் விசாரிக்க வேண்டாம்." வாசித்துவிட்டுத் திரும்பினாள். "நாங்க விசாரிக்கல தொர. நீங்களும் விசாரிக்காதீங்க."

யாரும் சிரிக்கவில்லை. பெண்கள் நகரவும் இல்லை. அவர்களுக்குப் பின்னால், வீடு கிடைத்துவிட்ட ஆண்களும் வேலைக்குப் போகாமல் நின்றார்கள். அது எனக்கே ஆச்சரியம்தான். மேனேஜர் தர்மேந்திரனைப் பார்த்தார். தர்மேந்திரன் தரையைப் பார்த்துக்கொண்டு, "நீங்கதான் சார் சைன் போட்டிருக்கீங்க" என்றான். இத்தனை நாளில் அவன் வாயிலிருந்து வந்த ஒரே உருப்படியான வார்த்தை அது. மேனேஜர் பலகையையும் கையெழுத்தையும் கொஞ்சநேரம் பார்த்தார். சரி, அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டார். மன்னிப்பு என்று ஒரு சொல் வரவில்லை. கம்பெனி அதற்குப் பிறகு புவனேஸுக்கு வேலை கொடுக்கவும் இல்லை. மாரியம்மாவும் மற்றப் பெண்களும் பண்டிகைக்கு முன்பே கீழ்ச்சரிவில் பால் காய்ச்சினார்கள்.

அன்றைக்கு மேனேஜர் வண்டி வளைவில் மறைந்ததும் மாரியம்மா புவனேஸிடம் வந்து, "சாரதா பேரப் போட்டுப் பாரு பாப்பா" என்றாள்.

புவனேஸ் முடியாது என்று தலையாட்டினாள். மாரியம்மா விடவில்லை. கடைசியில் புவனேஸ் அடித்தாள். சாரதா a/p பெருமாள். லாயாக். தகுதி உண்டு. எத்தனை மேனேஜரிடம் அவள் அம்மா கைகட்டி நின்று கேட்ட சொல் அது. மேனேஜர் முன்னால் குரல் நடுங்காமல் நின்றவள், ஆபீஸ் படியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். எனக்கும் தாங்கவில்லை.

மாரியம்மா அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள். பிறகு போனை எடுத்து மறுபடி அவள் கையில் வைத்தாள்.

"போதும், எந்திரி. ரஞ்சிதம் போனு இல்லாம நிக்கிறா. அவ பேரப் போடு."